ஏபிஐ வழியாக ரெக்கார்டு மாறுகிறது, ரூல் மட்டும் ஓடவில்லையா? படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

சிஆர்எம் (வாடிக்கையாளர் தகவலை நிர்வகிப்பது) மாதிரி ஒரு மென்பொருளில் ‘நிலை மாறினால் மெசேஜ் அனுப்பு’ என்று ஒரு ரூல் போட்டிருப்பீர்கள். திரையில் நீங்களே மாற்றினால் அது ஓடுகிறது. வேறொரு புரோகிராம் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வாசல்) வழியாக அதே மாற்றத்தைச் செய்தால் ஓடுவதில்லை. பிழை என்று எதுவும் காட்டுவதும் இல்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த மௌனம்தான்.

பெரும்பாலானவர்கள் உடனே ரூலைத் திறந்து எதையாவது மாற்றிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த பாதியும் கெட்டுப்போகும், எது காரணம் என்பதும் தெரியாமல் போகும். நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். தகவல் வந்து சேர்ந்ததா? ரூல் எழுந்ததா? நிபந்தனை பொருந்தியதா? செயல் முடிந்ததா? முதல் ‘இல்லை’ எங்கே வருகிறதோ அங்கேதான் வேலை. அதைத் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை.

சேலத்தில் ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை. வெள்ளியை எடை போட்டு, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே வேலை செய்கிறவர்களிடம் கொடுக்கிறார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடியும் எடை. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு ரெக்கார்டு. அதில் பொருள், வர வேண்டிய எடை (அனுமதித்த சேதாரத்தைக் கழித்தது), வந்த எடை, நிலை என்று நாலு ஃபீல்டு. எலக்ட்ரானிக் தராசோடு இணைத்த சின்ன புரோகிராம் ஒன்று, வந்த எடையையும் நிலையையும் ஏபிஐ வழியாக எழுதுகிறது. ரூல் இரண்டு. வந்த எடை குறைந்தால் முதலாளிக்குத் தெரிய வேண்டும். நிலை ‘மெருகு முடிந்தது’ என்று ஆனால் ஆர்டர் கொடுத்த கடைக்கு மெசேஜ் போக வேண்டும்.

படி 1: ஒரே ஒரு ரெக்கார்டை எடுங்கள்

ரூல் ஓடாமல் போன ஒரு ரெக்கார்டைத் தேர்ந்தெடுத்து, அதன் மதிப்புகளை அப்படியே வைத்து ஒரு சோதனை ரெக்கார்டு உருவாக்குங்கள். மெசேஜ் போகும் எண்ணாக உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள். சோதனை மெசேஜ் கடைக்காரருக்குப் போகக் கூடாது.

இப்போது அதே மாற்றத்தை முதலில் திரையில் கையால் செய்யுங்கள். பிறகு ரெக்கார்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, போஸ்ட்மேன் போன்ற கருவியில் ஏபிஐ வழியாகச் செய்யுங்கள். இரண்டிலும் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் ரூலின் நிபந்தனையில் கோளாறு. படி 4-க்குப் போங்கள். கையால் ஓடி, ஏபிஐயில் ஓடவில்லை என்றால் வந்த வழியில் கோளாறு. படி 2-இலிருந்து தொடருங்கள். இரண்டிலும் சரியாக ஓடினால், தராசு புரோகிராம் அனுப்புவது நீங்கள் நினைப்பது போல இல்லை என்று அர்த்தம்.

‘அதே மதிப்பு’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சோதனைதானே என்று 500 கிராம் போட்டுப் பார்த்தால் ரூல் ஓடும், நீங்களும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவீர்கள். ஓடாமல் போனது ஒரு கிலோ ரெக்கார்டாக இருக்கலாம். ஏன் என்பதைப் படி 4-இல் பார்ப்போம்.

படி 2: தகவல் உண்மையிலேயே வந்து சேர்ந்ததா?

ஏபிஐ 200 (வெற்றி என்பதற்கான குறியீடு) என்று பதில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்தது, சர்வர் அதைப் புரிந்துகொண்டது என்பதற்கு மேல் 200 பெரிதாக எதுவும் சொல்வதில்லை. ஒரே கோரிக்கையில் பல ரெக்கார்டுகளை அனுப்பும்போது ஒவ்வொன்றின் முடிவும் பதிலுக்கு உள்ளே தனித்தனியாக இருக்கும். மேலே நல்ல பதில், உள்ளே மூன்றாவது ரெக்கார்டு மட்டும் தோல்வி என்பது சாதாரணம். முழுப் பதிலையும் லாகில் (நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவேடு) எழுதி வையுங்கள்.

அப்புறம் அந்த ரெக்கார்டை ஏபிஐ வழியாகவே திரும்பப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய மதிப்பு அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் முதல் சந்தேகம் ஃபீல்டின் பெயர். திரையில் தெரியும் பெயர் வேறு, ஏபிஐக்கான பெயர் வேறு. தெரியாத பெயரில் ஒன்றை அனுப்பினால் பல மென்பொருள்கள் திட்டாமல், அதை ஓரமாக விட்டுவிட்டு மற்றதைச் சேமித்துக்கொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் அனுமதி. ஏபிஐ எந்தப் பயனர் பெயரில் உள்ளே வருகிறதோ, அவருக்கு அந்த ஃபீல்டை எழுத உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். உரிமை இல்லாத ஃபீல்டை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியைச் சேமிக்கும் மென்பொருள்களும் உண்டு. நீங்கள் அட்மினாக உள்ளே போய்ச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

401 வந்தால் பெரும்பாலும் டோக்கன் (ஏபிஐக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு) காலாவதி. ஜோஹோ என்ற சிஆர்எம் மென்பொருளில் ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும். 429 வந்தால் அளவுக்கு மேல் வேகமாக அனுப்புகிறீர்கள். இடைவெளி விட்டு மறுபடி அனுப்புங்கள்.

படி 3: ரூல் எழுந்ததா?

மென்பொருளில் ரூல் ஓடியதற்கான பதிவு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ரெக்கார்டின் டைம்லைனில் இருக்கும், அல்லது ரூலுக்கென்று தனி லாக் இருக்கும். அதில் உங்கள் சோதனை நேரத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் ரூல் எழவே இல்லை. அதற்கு வழக்கமாக நான்கு காரணங்கள்.

நீங்கள் ரூல் என்று நினைப்பது திரைக்கான ரூலாக இருக்கலாம். சர்வீஸ்நவ் என்ற மென்பொருளில் கிளையன்ட் ஸ்கிரிப்ட், யூஐ பாலிசி இரண்டும் பிரவுசரில் படிவம் திறந்திருக்கும்போது ஓடுபவை. ஏபிஐ அந்தப் படிவத்தைத் திறப்பதே இல்லை, அதனால் அவை ஓட வாய்ப்பே இல்லை. வேலையை சர்வர் பக்கம் ஓடும் பிசினஸ் ரூலுக்கு மாற்ற வேண்டும். வேறு எந்த மென்பொருளானாலும் இந்த வித்தியாசத்தை முதலில் கேளுங்கள்.

அனுப்புகிறவரே ரூலை அணைத்திருக்கலாம். ஜோஹோ சிஆர்எம் ஏபிஐயில் தகவலோடு ‘டிரிகர்’ என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்பலாம். அதைக் காலிப் பட்டியலாக அனுப்பினால் வொர்க்ஃப்ளோ (ஜோஹோவில் ரூலுக்குப் பெயர்) ஓடாது. சேர்க்காமலே விட்டால் வழக்கம்போல ஓடும். எங்கிருந்தோ எடுத்த மாதிரி கோடில் அந்தக் காலிப் பட்டியல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வீஸ்நவ்வில் டிரான்ஸ்ஃபார்ம் மேப் (வெளியிலிருந்து வரும் தகவலை ஃபீல்டுகளில் பொருத்தும் அமைப்பு) வழியாக ஏற்றினால் ‘ரன் பிசினஸ் ரூல்ஸ்’ என்ற டிக் இருக்க வேண்டும். ஸ்கிரிப்டில் ‘செட்வொர்க்ஃப்ளோ’ ஃபால்ஸ் என்று இருந்தாலும் பிசினஸ் ரூல் ஓடாது.

ரூல் ‘புதிதாகச் சேர்க்கும்போது’ என்று மட்டும் அமைந்திருக்கலாம். ‘திருத்தும்போது’ என்று இருந்தாலும், முதல் தடவை மட்டுமா, ஒவ்வொரு தடவையுமா என்று ஒரு டிக் இருக்கும். அதையும் பாருங்கள்.

கடைசிக் காரணம், மாற்றமே நடக்காதது. நிலை ஏற்கெனவே ‘மெருகு முடிந்தது’ என்று இருக்கும்போது அதே மதிப்பை மறுபடி அனுப்பினால், ‘இந்த ஃபீல்டு மாறினால்’ என்ற ரூலுக்கு அங்கே வேலை இல்லை.

படி 4: நிபந்தனை பொருந்தியதா?

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ரூல் எழுந்தது, ஆனால் நிபந்தனை பொருந்தவில்லை என்று பேசாமல் திரும்பிப் போய்விட்டது. நம் பட்டறை உதாரணத்தில் தராசு புரோகிராம் இப்படி அனுப்புகிறது:

```
{ "வந்த_எடை": "985", "நிலை": "மெருகு முடிந்தது" }
```

985-ஐச் சுற்றி மேற்கோள் குறி இருப்பதைக் கவனியுங்கள். அது எண் இல்லை, எழுத்து. வாங்குகிற ஃபீல்டு எண் வகையாக இருந்தால் பெரும்பாலும் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். ஆனால் இரண்டு எடை ஃபீல்டையும் யாராவது எழுத்து வகையாக உருவாக்கியிருந்தால், ஒப்பிடுவது அகராதி வரிசையில் நடக்கும். மென்பொருள் முதல் எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வர வேண்டியது 1000, வந்தது 985. 9-ம் 1-ம் எதிரெதிரே நிற்கின்றன, 9 பெரியது. ஆக 985 பெரிது, எடை குறையவில்லை என்று ரூல் முடிவுகட்டிவிடும்.

வர வேண்டியது 500, வந்தது 490 என்றால் 5-க்கு 4 சிறியது, ரூல் சரியாக ஓடும். சின்ன எடையில் எல்லாம் ஒழுங்காக நடந்து, கிலோவைத் தொட்டதும் நின்றுபோகும் மர்மத்துக்கு இதுதான் காரணம். பெரிய எடையில்தான் சேதாரக் கணக்கு முக்கியம் என்பதால் இதைக் கட்டாயம் சரிசெய்யுங்கள். ஃபீல்டை எண் வகைக்கு மாற்றி, அனுப்பும் இடத்திலும் மேற்கோள் குறி இல்லாமல் 985 என்று அனுப்புங்கள்.

தமிழில் தகவல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. ரூலில் ‘பொருள் கொலுசு என்றால்’ என்று நிபந்தனை. ரெக்கார்டிலும் கொலுசு என்றுதான் தெரிகிறது. ஆனாலும் பொருந்தவில்லை. யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் முறை) ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். அல்லது க, அப்புறம் ஒற்றைக் கொம்பு, அப்புறம் கால் என்று பிரித்து வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கணினிக்கு முதலாவது கொலுசு ஆறு குறியீடுகள், இரண்டாவது ஏழு. நேருக்கு நேர் ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு.

கண்டுபிடிக்க, இரண்டு பக்கத்துச் சொல்லின் நீளத்தையும் லாகில் எழுதிப் பாருங்கள். 6, 7 என்று வந்தால் இதுதான். அனுப்புவதற்கு முன் என்எஃப்சி நார்மலைசேஷன் (பிரித்த குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்குவது) செய்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் அதற்கு உள்ளேயே வசதி இருக்கிறது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இன்னும் நல்லது, நிபந்தனையைப் பெயர் மேல் வைக்காமல் ஒரு குறியீட்டு எண் மேல் வைப்பது. நீளம் ஒன்று கூடுதலாக இருந்து வடிவம் சரியாக இருந்தால், சொல்லுக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேதி பார்க்கும் ரூல் என்றால் நேர மண்டலம். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) கணக்குப் பார்த்தால், நம் நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை அதற்கு இன்னும் முந்தைய நாள்தான். தீபாவளிக்கு முன் இரவு வேலை நடக்கும் பட்டறைகளில் இது வரும். நேரத்தை அனுப்பும்போது +05:30 சேர்த்தே அனுப்புங்கள்.

அடுத்தது வரிசை. திரையில் எடையையும் நிலையையும் நிரப்பி ஒரே தடவை சேமிக்கிறோம். புரோகிராமோ முதலில் நிலையை மாற்றி, அடுத்த கோரிக்கையில் எடையை எழுதலாம். எடை ரூல் நிலை மாறும்போது எழும்படி அமைந்திருந்தால், நிலை மாறிய நொடியில் அது எழுந்து பார்க்கும்போது வந்த எடை காலி. எடை வந்தபோது நிலை மாறவில்லை, அதனால் ரூல் திரும்ப எழவில்லை. கையால் ஓடுகிறது, ஏபிஐயில் ஓடவில்லை என்ற புகார் வந்தால் இதைத் தவறாமல் பாருங்கள். தீர்வு எளிது: இரண்டையும் ஒரே கோரிக்கையில் அனுப்ப வேண்டும்.

படி 5: செயல் முடிந்ததா?

நிபந்தனை பொருந்தியும் மெசேஜ் வரவில்லை என்றால் ரூலை விட்டுவிட்டு மெசேஜ் சேவையின் லாகைப் பாருங்கள். தொலைபேசி எண்ணுக்கு முன் 91 இல்லாதது, அன்றைய அளவு தீர்ந்தது போன்றவை அங்கே தெளிவாக எழுதியிருக்கும்.

நிலையை மாற்ற வேண்டிய ரூல் மாற்றவில்லை என்றால், மாற்றியதை இன்னொரு ரூல் திருப்பிவிட்டதா என்று மாற்ற வரலாற்றில் பாருங்கள். ஒரே ரெக்கார்டைத் திருத்தும் ரூல் தன்னையே மறுபடி எழுப்பிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. சர்வீஸ்நவ்வில் பிசினஸ் ரூலுக்குள் ‘கரன்ட்.அப்டேட்’ (அதே ரெக்கார்டை மறுபடி சேமிக்கும் கட்டளை) எழுத வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். சேமிப்பதற்கு முன் ஓடும் ரூலில் ஃபீல்டுக்கு மதிப்பைக் கொடுத்தாலே போதும், அது சேர்ந்தே சேமிக்கப்படும்.

படி 6: விட்டுப்போன ரெக்கார்டுகள்

ரூலைச் சரிசெய்ததால் பழைய ரெக்கார்டுகள் தாமாகச் சரியாகாது. அவற்றைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி தொட வேண்டும். அதற்கு முன் மெசேஜ் அனுப்பும் செயலை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் போன மாதமே கொலுசை வாங்கிக்கொண்டு போன கடைக்கு ‘மெருகு முடிந்தது’ என்று இன்று மெசேஜ் போகும். எடை ரூல் மட்டும் ஓடட்டும். முதலில் ஐந்தாறு ரெக்கார்டு, முடிவைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதி. எல்லாம் முடிந்தபின் மெசேஜை மறுபடி இயக்கி, சோதனை ரெக்கார்டில் உங்கள் எண்ணுக்கு ஒரு முறை வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ரெக்கார்டை அழித்துவிடுங்கள்.