புது பைக் டேங்கில் கீறல்: பெயின்ட் அடிக்காமல் போக்கிய விதம்

முதலில் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். சிக்கவில்லை; தண்ணீர் தெளித்ததும் கீறல் மறைந்தது. அப்படியென்றால் காயம் கிளியர் கோட்டோடு (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) நின்றுவிட்டது. நகம் சிக்கி, அடியில் பிரைமர் (பெயின்ட்டுக்குக் கீழே இருக்கும் அடிப்பூச்சு) தெரிந்தால் பாலிஷ் உதவாது, டச்-அப் பெயின்ட்தான்.

ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் உலரவிட்டு, ஸ்டிக்கர் ஓரங்களிலும் டேங்க் மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். மடிப்பில்தான் கோட் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஃபோம் பேடில் பட்டாணி அளவு ஃபினிஷிங் பாலிஷ், மூன்று பொட்டு. உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக, மிதமான அழுத்தத்தில் இரண்டு நிமிடம். மைக்ரோஃபைபரால் துடைத்துவிட்டு செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. நான்காவது சுற்றில் போனது.

எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்ட் (பாலிஷைவிடச் சொரசொரப்பான, அதிகம் தேய்க்கும் பசை) வேண்டாம். கிளியர் கோட்டே சுமார் 40-50 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தேய்த்தது திரும்ப வராது. மேட் பெயின்ட்டில் பாலிஷே கூடாது, தேய்த்த இடம் மட்டும் திட்டாகப் பளபளக்கும்.

கடைசியாக மெல்லிய வாக்ஸ். தூசி படிந்த டேங்கைக் காய்ந்த துணியால் துடைத்தால் ஒரே வாரத்தில் பழைய கதைதான் (ஷோரூமிலேயே அப்படித்தான் துடைக்கிறார்கள்!).