மூடிய கட்டடத்து மாடியிலிருந்து டிஷ்ஷை வளைவு கெடாமல் இறக்குவது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பழைய பள்ளிக் கட்டடமோ, ஊராட்சி டி.வி. அறையோ, இடம் மாறிய அலுவலகமோ இடிபடும்போது மொட்டை மாடியில் ஒரு டிஷ் நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அது பழைய இரும்புக் கடைக்குப் போய் எடைக்கு விலையாகிறது. அது பெரிய இழப்பு. டிஷ்ஷின் மதிப்பெல்லாம் அதன் வளைவிலும், எல்.என்.பி. (தட்டு குவிக்கும் அலையை வாங்கும் சிறு கருவி) நிற்கும் அந்த ஒரு புள்ளியிலும்தான் இருக்கிறது. இரண்டும் கெடாமல் இறங்கினால் 25 ஆண்டுப் பழைய டிஷ்ஷும் புதியதைப் போல வேலை செய்யும். அவசரத்தில் விளிம்பு மடங்கிவிட்டால் வெறும் அலுமினியம்தான். அதனால் முதல் விதி: அளந்து எழுதி முடிக்கும்வரை எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள்.

முதலில் காகிதம்

யாரும் கேட்பாரில்லாமல் கிடந்தாலும் அது அரசுச் சொத்து. பள்ளி என்றால் தளவாடப் பதிவேட்டில் ஏறியிருக்கும். தலைமையாசிரியர் "எடுத்துக்கோங்க தம்பி" என்று வாயால் சொன்னது போதாது. அவரைப் பின்னாளில் தணிக்கையில் சிக்கவைக்கும் வேலை அது.

எளிய வழி, இன்னொரு அரசு நிறுவனத்தின் பெயரில் கேட்பது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கு வேண்டும் என்று அந்தத் தலைமையாசிரியர் கடிதம் கொடுத்து, மேலதிகாரி ஒப்புதலோடு ஒரு பதிவேட்டில் கழித்து மற்றதில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாளாக வாங்குவதானால் கழிவுப் பொருள் ஏலம்தான் வழி. டேவணித் தொகை (முன்வைப்புப் பணம்) கட்டி ஏலத்தில் கலந்துகொள்ள வேண்டும்.

கட்டடத்தையே இடிப்புக்கு ஏலம் விடும்போது கவனமாக இருங்கள். டிஷ்ஷைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் கட்டடத்தோடு சேர்ந்து அது ஒப்பந்ததாரருக்குப் போய்விடும். ஏல அறிவிப்பு வரும் முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ பொதுப்பணித் துறையிலோ எழுத்து மூலம் கேட்டுப் பட்டியலில் தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அது நடக்கவில்லை என்றால் ஏலம் எடுத்தவரிடம் பேசி, ரசீது வாங்கிக்கொண்டு எடுங்கள். மத்திய அரசு நிறுவனங்களின் கழிவுப் பொருள்கள் பல நேரம் எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலம் வழியாக விற்கப்படுகின்றன.

ரிசீவர், மோடம் போன்ற மின்னணுப் பெட்டிகளை இதில் கலக்க வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பெரிய அலுவலகங்கள் அவற்றைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் கொடுக்க வேண்டும். நமக்கு வேண்டியது தட்டும் தாங்கியும் மட்டுமே.

எது தேறும்

மூன்று வகை கண்ணில் படும். முதலாவது, ஆறடி, எட்டடி வலை டிஷ். 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான சி-பேண்டுக்கு உரியது. இரண்டாவது, 90 செ.மீ. முதல் 1.8 மீட்டர் வரை வரும் கெட்டியான விசாட் தட்டு, அதாவது செயற்கைக்கோளோடு இருவழித் தொடர்புக்கு வைப்பது. கல்விக்கென்றே 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட எஜுசாட்டை நம்பிப் பள்ளி, கல்லூரிகளில் வைத்தவை இதில் அடக்கம். அந்தச் செயற்கைக்கோள் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, தட்டுகள் மட்டும் நிற்கின்றன. மூன்றாவது, வீட்டு மாடிகளில் பார்க்கும் 60, 75 செ.மீ. சிறு டிஷ்.

வலையின் துளை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். சி-பேண்டுக்கு 7 மி.மீ. வரை பரவாயில்லை. தூர்தர்ஷனின் இலவசச் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் கியூ-பேண்டுக்கு (Ku) 2.5 மி.மீ.க்கு மேல் ஆகாது. ஆகவே பெரிய வலை டிஷ்ஷில் கியூ-பேண்டு எல்.என்.பி.யை மாட்டிவிட்டு சிக்னல் இல்லை என்று வருந்திப் பயனில்லை.

விசாட் தட்டின் கீழிருந்து நீளும் கையில் தலையணை அளவில், பின்புறம் துடுப்பு துடுப்பாக ஒரு பெட்டி இருந்தால் அது அனுப்பும் கருவி. அதை வாங்கவும் வேண்டாம், மின்சாரம் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் அலையை அனுப்புவது குற்றம். அதன் முன் நிற்பதும் கண்ணுக்குக் கேடு.

கோணலைச் சோதிக்க நூல் போதும். விளிம்புக்கு விளிம்பு, கூட்டல் குறி போல இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். வட்ட டிஷ்ஷில் இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் நூல்களை மேல்கீழ் மாற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். சி-பேண்டில் பரப்பின் பிசகு 5 மி.மீ.யை நெருங்கினாலே சிக்னலில் ஏறக்குறைய பாதி போய்விடும். கியூ-பேண்டில் அதே கேட்டுக்கு ஒன்றரை மி.மீ. போதும். வலை டிஷ்ஷின் கோணலைச் சட்டங்களைத் தளர்த்தி நிமிர்த்திவிடலாம். கெட்டித் தட்டு நசுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், தட்டி நிமிர்த்தினால் இன்னும் கெடும்.

மாடி ஏறும் முன்

தை முதல் பங்குனி வரை, காலை வேளை உத்தமம். ஆனி, ஆடிக் காற்றில் இந்த வேலையே வேண்டாம். எட்டடிக் கெட்டித் தட்டு ஒன்று 100 கி.மீ. வேகக் காற்றுக்கு நேரே நின்றால் 200 கிலோவுக்கு மேல் தள்ளுவிசை விழும். அதில் கால்வாசி வேகம் இருந்தாலும் கையில் தூக்கியவரைக் கைப்பிடிச் சுவர்வரை தள்ளிவிடும்.

மூடிக் கிடக்கும் கட்டடத்தில் கதண்டு (விஷக் குளவி) கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே சுற்றிப் பாருங்கள். கதண்டு கொட்டி உயிர் போன செய்திகள் டெல்டாவுக்குப் புதிதல்ல. கூடு இருந்தால் 101-ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையினர் அகற்றிய பிறகே ஏறுங்கள். எல்.என்.பி.யின் வாயில் மண்ணை அடைத்துக் கூடு கட்டும் வேட்டாவளியனால் ஆபத்து இல்லை. ஆனால் சிக்னல் போனதற்குப் பல இடங்களில் அதுவே காரணம்.

தளத்தின் அடிப்பக்கம் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தால் நான்கு பேர் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். சன்ஷேடில் கால் வைக்கவே கூடாது. மெயினை அணைத்த பிறகும் டிஷ் கம்பத்தை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். மாடியோரமாக மின்வாரியக் கம்பி போனால், அந்தப் பக்கம் இறக்கும் எண்ணத்தையே விடுங்கள்.

அளவெடுப்பு

வட்டமான, நடுவில் எல்.என்.பி. உள்ள டிஷ் என்றால் விட்டம், ஆழம், நடுப்புள்ளியிலிருந்து எல்.என்.பி.யின் வாய்வரை உள்ள தூரம் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் வரும். 240 செ.மீ. விட்டம், 40 செ.மீ. ஆழம் என்றால் 57,600-ஐ 640-ஆல் வகுக்க 90 செ.மீ. நீங்கள் அளந்த தூரம் இதிலிருந்து இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் விலகினால், எல்.என்.பி.யைத் தாங்கும் கால்களை யாரோ வளைத்திருக்கிறார்கள். மறுபடி பூட்டும்போது கணக்கில் வந்த தூரத்தையே வையுங்கள்.

விசாட், டி.டி.எச். தட்டுகளில் எல்.என்.பி. கீழிருந்து நீளும் கையில் இருக்கும். அங்கே எல்.என்.பி.யின் வாய் நடுவிலிருந்து தட்டின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, பக்க விளிம்பு மூன்றுக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். கை வளைந்தாலும் தொலைந்தாலும் இந்த மூன்று எண்களை வைத்து வெல்டிங் பட்டறையில் புதிது செய்துகொள்ளலாம். தட்டை மட்டும் தூக்கிக்கொண்டு கையை விட்டுவருவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எல்.என்.பி. எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்பதையும் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வலைத் துண்டுகளுக்கும் அவற்றைத் தாங்கும் சட்டங்களுக்கும் பெயிண்டால் எண் போடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பழைய துளைகள் இடம் மாறிப் பொருந்தாது.

கழற்றுவது

10, 13, 17, 19 ரிங் ஸ்பேனர்கள் இருந்தால் எம்6 முதல் எம்12 வரை எல்லாம் கழன்றுவிடும். முதல் நாள் மாலையே துரு நட்டுகளுக்கு டீசல் விட்டுவைத்தால் மறுநாள் பாதி வேலை குறையும். அப்படியும் அசையாததைக் கிரைண்டரால் வெட்டலாம். வலைக்கு அருகில் மட்டும் வேண்டாம், சூட்டில் ரிவெட்டுகள் தளரும்.

செய்யவே கூடாத ஒன்று, டிஷ் மேலே இருக்கும்போதே கம்பத்தை அடியில் அறுப்பது. வேலை சீக்கிரம் முடியும் என்று இடிப்பு ஆட்கள் இதைத்தான் செய்வார்கள். விழுந்த பக்கம் விளிம்பு மடங்கி எல்லாம் வீணாகும்.

சரியான வரிசை இது. கேபிளை எல்.என்.பி. பக்கம் கழற்றி எல்.என்.பி.யை எடுங்கள். பிறகு அதைத் தாங்கும் கால்களையோ கையையோ கழற்றுங்கள். அடுத்து, தட்டின் பின்சட்டத்தில் எதிரெதிராக இரண்டு நைலான் கயிறுகளைக் கட்டி இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகே தட்டைத் தாங்கியோடு இணைக்கும் போல்ட்டுகள். மேலுள்ள ஒன்றைக் கடைசிவரை விட்டுவையுங்கள். உயரக் கோணத்தைச் சரிசெய்யும் திருகுக்கம்பியைத் தட்டு இருக்கும்போது தொடாதீர்கள். தளர்ந்தால் முழுத் தட்டும் திடீரென்று சாய்ந்து விரலை நசுக்கும்.

கயிறு எப்போதும் பின்சட்டத்தில்தான், விளிம்பில் கட்டினால் இறக்கும்போதே கோணும். கான்கிரீட்டில் புதைந்த கம்பத்தை விட்டுவிடலாம். கட்டடம் இடிபடாமல் பூட்டியே இருக்கப்போகிறது என்றால் போல்ட் துளைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு இறங்குங்கள், ஐப்பசி மழை அந்த வழியாகத்தான் இறங்கும்.

எட்டடி டிஷ் குட்டி யானையில் படுக்காது. இரண்டு பாதியாகப் பிரித்து, அடியில் வைக்கோல் பரப்பி, கவிழ்த்து வைத்துக் கொண்டுபோங்கள். கெட்டித் தட்டை வெயிலில் நிமிர்த்தி வைக்காதீர்கள். பெயிண்ட் போய்ப் பளபளக்கும் தட்டு சூரியனை ஒரே புள்ளியில் குவித்துத் துணியைப் பற்றவைக்கும். மறுபடி பெயிண்ட் அடிப்பதானால் பளபளப்பில்லாத சாம்பல் நிறமே வேண்டும்.

மறுபடி நிறுத்துவது

பழைய நட்டு போல்ட்டை எறிந்துவிட்டு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வாங்குங்கள். வேதாரண்யம், நாகை போன்ற உப்புக் காற்றுப் பகுதியில் எஸ்.எஸ். போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டால் தொடும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். இடையில் நைலான் வாஷர் போட்டு கிரீஸ் தடவுங்கள். பழைய கேபிளை வெட்டிப் பார்த்துப் பின்னல் பச்சையாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, ஆர்.ஜி.-6 புதிது போடுங்கள். சி-பேண்டு எல்.என்.பி.யையும் மாற்றிவிடுவது நல்லது. 2022-இல் 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரை 5ஜி-க்கு ஏலம் போனது. 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து வாங்கும் பழைய எல்.என்.பி. டவர் அருகே திக்குமுக்காடும். 5ஜி வடிகட்டி உள்ளதாகக் கேளுங்கள்.

டெல்டா களிமண்ணில் கம்பம் நடுவது தனிக் கலை. கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டே இருக்கும். எட்டடி டிஷ்ஷின் பார்வை அகலம் சி-பேண்டில் சுமார் 2 டிகிரிதான் என்பதால் ஒரு டிகிரி சாய்ந்தாலே படம் உடையும். மூன்று அங்குலக் கனமான ஜி.ஐ. பைப், நான்கடிக் குழி, 1:2:4 கான்கிரீட், அடியில் பைப்புக்குக் குறுக்கே வெல்டிங் வைத்த இரண்டு கம்பிகள். கம்பி இல்லாவிட்டால் காற்றில் பைப் தன் அச்சிலேயே திரும்பும். இரண்டு பக்கமும் தூக்குக்குண்டு வைத்துப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து 83 டிகிரி கிழக்குச் செயற்கைக்கோளுக்கு உயரக் கோணம் 76.5, திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 160. ஃப்ரீ டிஷ் வரும் 93.5-க்கு 69-உம் 126-உம். காந்த ஊசியைக் கம்பத்துக்கு அருகில் வைத்தால் பொய் சொல்லும், நான்கைந்தடி தள்ளி நின்று பாருங்கள். இவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதால் வட்டமான கெட்டித் தட்டில் மழைநீர் தேங்கும். தாழ்ந்த பக்கத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, இலை அடைக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கையுள்ள தட்டு கிடைத்த பள்ளிகளுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. 25.9 டிகிரி கிழக்கில் உள்ள எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள், அமெச்சூர் வானொலியாளர்களின் பேச்சை 10,489.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் குறுகிய பட்டையில் இறக்குகிறது. தஞ்சையிலிருந்து திசை 262, உயரம் 28. மேற்கே தென்னை மறைக்காத இடம் வேண்டும், தட்டு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். சாதாரண எல்.என்.பி. அதை 739.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கித் தரும், கணினியில் செருகும் வானொலி வாங்கியான ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். குச்சியால் கேட்கலாம். எல்.என்.பி.க்குப் போகும் 13 வோல்ட் அந்தக் குச்சிக்குள் நுழைந்தால் அது கருகும். இடையே நேர்மின்சாரத்தைத் தடுக்கும் பயாஸ் டீ கட்டாயம்.

எட்டடி வலை டிஷ் கிடைத்தால் 1,420.4 மெகாஹெர்ட்ஸில் விண்வெளி ஹைட்ரஜன் வாயு வெளியிடும் அலையைக் கேட்கலாம். அதற்கு வேண்டியவை: 15 செ.மீ. விட்டமும் 28 செ.மீ. நீளமும் உள்ள தகர டப்பா, அடியிலிருந்து 9 செ.மீ. தள்ளி 5 செ.மீ. செம்புக் கம்பி, உடனே ஒரு குறை-இரைச்சல் பெருக்கி, பிறகு எஸ்.டி.ஆர். டப்பாவின் விட்டத்தைக் கூட்டாதீர்கள், 16 செ.மீ.யைத் தாண்டினால் வேறு வகை அலையும் உள்ளே ஓடத் தொடங்கும். டிஷ்ஷை நேர் மேலே பார்க்க வைத்துவிட்டால் எதையும் திருப்ப வேண்டியதில்லை, பூமியின் சுழற்சியில் பால்வீதியின் தளம் ஒரு நாளில் இருமுறை டிஷ்ஷுக்கு மேலாகக் கடக்கும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்தபோது அடித்த காற்றை இந்தப் பகுதி அறியும். புயல் எச்சரிக்கை வந்தால் எல்.என்.பி.யைக் கழற்றி உள்ளே வைத்து, டிஷ்ஷை வானை நேராகப் பார்க்கத் திருப்பி, பின்சட்டத்திலிருந்து நான்கு திசைக்கும் கயிறு இழுத்து முளையில் கட்டுங்கள். திருப்பும் முன் கம்பத்திலும் கோண அளவிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், புயல் போன பின் பழைய இடத்துக்குக் கொண்டுவரக் கால்மணி நேரம் போதும்.