வாட்ஸ்அப் குழுவில் ஆள் எண்ணுவது எப்படி?

குழுவில் எத்தனை பேர் என்று கேட்டால், பெயருக்குக் கீழே தெரிகிற எண்ணை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அது போன் நம்பர்களின் கணக்கு. உசிலம்பட்டிப் பக்கம் மல்லி போட்டிருப்பவர்களுக்காக ஒரு குழு நடத்துகிறேன். காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையைப் போட்டுவிடுவேன். விலை சொல்ல எத்தனை பேர் இருந்தால் என்ன? தங்கச்சிமடத்திலிருந்து எல்லாருக்கும் சேர்த்து நாற்று இறக்கும்போதுதான் கணக்கு உதைக்கும்.

முதலில் உறுப்பினர் பட்டியலைத் திறந்து கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். கமிஷன் கடைக்காரர்கள், உரக்கடை ஆட்கள், சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள். அப்புறம் சிம் மாற்றியவர்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. அதில் மாற்றினால் குழுவிலும் புது எண் வந்துவிடும். நம்மாட்கள் எங்கே அதைச் செய்கிறார்கள்? புது நம்பரிலிருந்து "அண்ணே, என்னையச் சேத்து விடுங்க" என்பார்கள். பழைய நம்பரும் பட்டியலில் கிடக்கும். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும் என்றாலும், அதுவரை ஒரே ஆள் இரண்டு பேர்தான்.

ஒரு குழுவில் 1024 பேர்தான் இருக்க முடியும். 2022 தொடக்கத்தில் 256 தான். அந்தக் காலத்தில் இடமில்லாமல் இரண்டாம் குழு தொடங்கியவர்கள் இரண்டையும் கூட்டிச் சொல்வார்கள். பாதிப் பேர் இரண்டிலும் இருப்பார்கள்.

அடுத்து, படிக்கிறவர்களைப் பாருங்கள். நீங்கள் போட்ட விலைச் செய்தியை அழுத்திப் பிடித்து 'தகவல்' பகுதிக்குப் போனால், யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தனித்தனியாக இருக்கும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவரும் குழுச் செய்தியில் தப்ப முடியாது. உடனே பார்க்காதீர்கள், விடியுமுன் பூ பறிக்கப் போனவர் மதியம்தான் போனை எடுப்பார். மறுநாள் பாருங்கள். மார்கழியில் எண்ணவே கூடாது. பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது, செடி இல்லாதவனும் விலை பார்ப்பான்.

இதற்குப் பிறகு ஒரு வாக்கெடுப்பு. 'நாற்று வேணும்', 'இப்ப வேணாம்', 'தோட்டம் இல்லை' என மூன்றே பதில் போதும். ஒன்றுக்கு மேல் தொடலாம் என்ற வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிலர் மூன்றையும் தொட்டு வைப்பார்கள். யார் எதைத் தொட்டார் என்பது பெயரோடு தெரியும். அப்பாவும் மகனும் தனித்தனியாக 'வேணும்' போட்டிருப்பார்கள், தோட்டம் ஒன்றுதான். அதனால் நோட்டில் ஆள் பெயரை எழுதாமல் தோட்டத்தை எழுதி, பக்கத்தில் எத்தனை நாற்று என்று குறியுங்கள்.

போனே இல்லாமல் பக்கத்துத் தோட்டக்காரரிடம் விலை கேட்டுக்கொள்கிற பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கும் நாற்று வேண்டும். பூ மூட்டை ஏற்ற வரும் வேன்காரரிடம் கேட்டால் வரிசையாகப் பெயர் சொல்லிவிடுவார்.