சிங்கப்பூரில் இருந்தபடியே அக்காவின் கொரோனா காப்பீட்டுத் தொகையை வாங்கிய விதம்

ஊரில் அரசுச் செவிலியராக இருந்த அக்காவின் இறப்புச் சான்றிதழில் 'நிமோனியா' மட்டுமே. கொரோனாப் பணியில் இறந்த சுகாதாரப் பணியாளர்களுக்காக மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்திருந்த 50 லட்ச ரூபாய்க் காப்பீட்டுக்கான மனு அங்கேயே முடங்கியது. நாங்கள் சான்றிதழோடு மல்லுக்கட்டவில்லை. பாசிட்டிவ் ஆன 30 நாளுக்குள் இறந்திருந்தால் கொரோனா இறப்புதான் என்கிறது மத்திய அரசின் 2021 செப்டம்பர் நெறிமுறை. ஆர்டிபிசிஆர் முடிவோடு கொரோனா இறப்பை உறுதிசெய்யும் மாவட்டக் குழுவிடம் மனு கொடுத்துத்தான் சரிசெய்தோம்.

மருத்துவமனைக் கடிதத்தில்தான் பலருக்கும் இடறியது. "செவிலியராகப் பணிபுரிந்தார்" என்றால் போதவில்லை; கொரோனா நோயாளிகளோடு நேரடித் தொடர்பில் இருந்த பணி என்று தெளிவாக இருக்க வேண்டியிருந்தது. வார்டும் டியூட்டி தேதிகளும் சேர்த்து எழுதி வாங்கினோம். உயிரைக் கொடுத்தவர்களுக்கு அந்த இரண்டு வரியாவது முழுசாக இருக்கட்டும்.

வாரிசு இங்கே வேலையில் இருந்தால், ஊரில் ஒருவர் அவருக்காகக் கையெழுத்திடக் கொடுக்கும் பவர் பத்திரத்துக்கு கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரக அத்தாட்சி வேண்டும். ஒரிஜினலையே கூரியரில் அனுப்புங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும்.