ஐரோப்பாவில் நண்பர் வீடும் ஊர் சுற்றலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மூவரில் ஒருவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரிலும், ஒருவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலும், ஒருவர் லண்டனிலும் குடியேறிவிட்ட பிறகு, அவர்களைப் பார்ப்பதையும் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பதையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டேன். முதல் முறை போனபோது 14 நாட்களில் ஏழு நகரங்கள். நண்பர்களின் வீடுகளில் தங்கிய இரவுகள் மூன்றே மூன்று. அவையும் துணி துவைத்து உலர்த்துவதிலும் பெட்டி கட்டுவதிலும் போய்விட்டன. ரயிலடிக்கு வழியனுப்ப வந்த நண்பர், “வந்துட்டுக் கிளம்பிட்ட, உட்கார்ந்து பேசவே இல்லையேடா” என்று சொன்னது இன்றும் மனத்தை உறுத்துகிறது. நண்பரின் வீட்டை இரவு தங்குமிடமாக மட்டும் கருதி, அவருடைய ஊரைக் கடந்து போகும் வழியாக்கியதுதான் நான் செய்த முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைத்தன.

விசாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இங்கே தவறினால் பயணமே இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் சம அளவு தங்குவதாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். எங்கே விரைவில் நேர்காணல் தேதி கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு, பயணத் திட்டத்தை அதற்கேற்ப வளைத்து எழுதுவோர் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

நண்பர் வீட்டில் தங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரான்சில் ஒருவர் வீட்டில் தங்குவதற்கு, அந்த வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சி அலுவலகத்தில், வீட்டின் பரப்பளவு, வருமானம் ஆகியவற்றுக்கான ஆதாரங்களைக் காட்டி, கட்டணம் கட்டி, வரவேற்புச் சான்று ஒன்றைப் பெற்று, அதன் மூலப் பிரதியை நமக்கு அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் நம் செலவை நண்பர் ஏற்பதாக இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவர் பொறுப்பேற்பு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். இவை நண்பரின் வேலை நாளைத் தின்னும் காரியங்கள் என்பதால் மூன்று மாதம் முன்பே கேட்டுவிடுவதுதான் முறை. அவரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று எண்ணி, பிறகு ரத்து செய்யப் போகும் விடுதி முன்பதிவைக் காட்டி விசா வாங்குவது நல்லெண்ணம் போலத் தோன்றலாம். எல்லையில் அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும்போது அது பொய்யாகிவிடுகிறது.

லண்டன் நண்பரைச் சேர்த்துக்கொள்வோருக்கு இன்னொரு பொறி உண்டு. பிரிட்டனுக்குத் தனி விசா தேவை என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பாரிஸிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் ஏறி லண்டன் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும், ஒருமுறை நுழைவு விசாவோடு திரும்பி வர முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பத்திலேயே பல நுழைவு விசாவைக் கேட்டு, லண்டன் பயணத்தைக் காரணமாகக் காட்டுங்கள்; இல்லையேல் லண்டனைப் பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை மட்டுமே தங்கலாம் என்ற கணக்கில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகக் கடவுச்சீட்டு முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும் பதிவாகத் தொடங்கியதால், இந்தக் கணக்கை இப்போது கணினியே போடுகிறது.

நண்பருக்கு என்ன எடுத்துப் போவது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் உடனே வரும் பதில் நெய், பால்கோவா, கறிவேப்பிலை, முருங்கைக்காய். இந்த நான்குமே தவறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுவரக் கூடாதவை. பழம், காய், இலை எதுவாயினும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இதற்கு விலக்கு பெற்ற பழங்கள் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து மட்டுமே. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் எடுத்துச் செல்லுங்கள். வாங்குபவருக்கும் அதே மகிழ்ச்சிதான்.

இனி ஊர் சுற்றலுக்கு வருகிறேன். ஸ்ட்ராஸ்பூரில் நண்பர் இருந்தும் அங்கே ஒரு நாள் மட்டும் ஒதுக்கிவிட்டுப் பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் ஓடியதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் முறை அதே வீட்டில் ஆறு இரவுகள் தங்கினேன். 142 மீட்டர் உயரம் கொண்ட ஸ்ட்ராஸ்பூர் பேராலயம் 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. உள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தில் பகல் 12.30 மணிக்கு இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் வரிசையாக நகர்வதைக் காணலாம். டிராமில் ஏறினால் ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் ஊரில் இறங்கலாம். இந்தத் தடம் 2017இல் திறக்கப்பட்டது. முக்கால் நூற்றாண்டுக்குள் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே மாறி மாறிக் கைமாறிய மண்ணில், எல்லையை டிராமில் கடப்பது எத்தனை பெரிய விஷயம் என்பதை அங்கே குடியிருக்கும் நண்பர் சொல்லித்தான் உணர்ந்தேன். ரயிலில் அரை மணி நேரத்தில் கோல்மார். அங்கே உண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஓவியர் குரூனேவால்டின் ஈசன்ஹைம் பலிபீட ஓவியங்கள் இருக்கின்றன. காலையில் போய் மாலையில் திரும்பினால், இரவுச் சாப்பாட்டுக்கு நண்பரோடு உட்காரலாம். பெட்டியைத் தூக்க வேண்டியதே இல்லை.

விடுமுறை நாட்களைப் பார்க்காமல் திட்டமிடுவது அடுத்த தவறு. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகமும் உண்டர்லிண்டனும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கான சீட்டுகள் இணையத்தில் மட்டுமே, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் முன்னதாக விற்கப்படுகின்றன. வாசலில் நின்று கேட்டுப் பயனில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருப்பதோடு, அன்று சத்தம் எழுப்புவதையும் அக்கம்பக்கத்தார் விரும்புவதில்லை. வாரம் முழுவதும் உழைத்த நண்பருக்கு அது ஒன்றே ஓய்வு நாள். அன்று அவரை வழிகாட்டியாக்கி இழுத்துச் செல்லாமல், அவரோடு நடக்கப் போகலாம்.

குறிப்பிட்ட நாட்களுக்குப் பல நாடுகளில் பயணிக்க உதவும் ரயில் பாஸை நண்பரிடமே வாங்கித் தரச் சொல்வதும் பலர் செய்யும் தவறு. ஐரோப்பாவில் குடியிருப்போருக்கு இன்டர்ரெயில், நம்மைப் போல வெளியிலிருந்து வருவோருக்கு யூரெயில் என்று பாஸ்கள் வேறு. பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக டிஜிவி ரயிலிலும் யூரோஸ்டாரிலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஒரே வீட்டிலிருந்து சுற்றுப்பயணம் போகிறவருக்குப் பெரும்பாலும் பாஸே தேவைப்படாது.

கடைசி இரவைப் புதிய நகரத்தில் கழிக்க வேண்டாம். ஸ்ட்ராஸ்பூரிலிருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கே நேரடி ரயில் இருப்பதால், இரண்டாம் முறை கடைசி இரவையும் நண்பரின் சமையலறை மேசையிலேயே கழித்தேன். பழைய விடுதிக் கதைகளைப் பேசி முடித்துப் படுக்கும்போது மணி இரண்டு.