பெடல் நிற்காத சைக்கிளுக்கு ஃபிரேம் வாங்குமுன்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சைக்கிள் ஃபிரேம் தொங்குகிறது. மயில்கழுத்து நிறம், அலுமினியம், கையில் எடுத்தால் குடையைத் தூக்குவதுபோல் இருக்கும். வருகிறவர்கள் அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறேன் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். ஃபிக்ஸ்ட் கியர் ரோடு சைக்கிள் கட்டுவதற்காக நான் வாங்கிய முதல் ஃபிரேம் அது. வாங்கி வந்த அன்று மாலையே அந்த வேலைக்கு அது உதவாது என்று தெரிந்துவிட்டது. பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் காடி செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. அவ்வளவுதான் குற்றம்.

ஃபிக்ஸ்ட் கியர் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும், பெடலோடு காலும் சுற்றும். பாலத்திலிருந்து இறங்கும்போது காலை அசைக்காமல் உட்கார்ந்து வருகிற சுகம் இதில் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஃபிரேம் வாங்கப் போகும்போது மறந்துவிடுகிறோம். நான் செய்த தவறுகளும், என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்கள் செய்கிற தவறுகளும் பெரும்பாலும் இந்த மறதியிலிருந்தே வருகின்றன.

காடியைப் பார்க்காமல் நிறத்தைப் பார்ப்பது

கியர் சைக்கிளில் செயின் தொய்ந்தால் கவலையில்லை. பின்னால் தொங்கும் டீரெய்லரின், அதாவது கியர் மாற்றும் கருவியின், கை அந்தத் தொய்வை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஃபிக்ஸ்ட் கியரில் அதை மாட்ட முடியாது. வேகத்தைக் குறைக்கக் காலால் பெடலைத் தடுக்கும்போது செயினின் கீழ்ப்பகுதி விறைக்கிறது. அங்கே ஸ்பிரிங் வைத்த எந்தக் கை இருந்தாலும் அந்த இழுப்பில் வளைந்து நாசமாகும். எனவே செயினை இறுக்க ஒரே நேர்வழி, சக்கரத்தையே பின்னுக்குத் தள்ளுவது. அதற்குக் காடி கிடையாக இருக்க வேண்டும்.

கிடைக்காடி இரண்டு வகை. பந்தயத் தளத்துக்கென்றே செய்த டிராக் ஃபிரேம்களில் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். பழைய ஸ்டீல் ரோடு ஃபிரேம்களில் முன்பக்கம் பார்த்துச் சற்றே சரிந்திருக்கும். இரண்டுமே சரி. மட்கார்டு போட்டு ஓட்டப்போகிறவருக்கு இரண்டாவது வகைதான் வசதி. பின்பக்க வாயில் சக்கரத்தை மட்கார்டை நோக்கி இழுத்துத்தான் கழற்ற முடியும். பஞ்சர் ஆன நேரத்தில் அது எரிச்சலூட்டும். முன்பக்க வாயில் வேறொரு சங்கடம் உண்டு. அழுத்தி மிதிக்கும்போது செயின் இழுக்கும் திசையும் காடியின் திறந்த வாயும் ஒன்று. நட்டு சற்றுத் தளர்ந்தாலும் அச்சு வலப்பக்கம் முன்னால் நழுவி, டயர் ஃபிரேமில் உரசும். 15 எண் ஸ்பானரால் முடுக்கும் நட்டு போட்ட அச்சு இதற்கு நல்லது. நம் ஊர் கருப்புச் சைக்கிள்களில் இருக்கிற செயின் அட்ஜஸ்டர் போன்ற ஒன்றை மாட்டிவிட்டால் இன்னும் நிம்மதி.

செங்குத்துக் காடியில் சக்கரம் முன்னும் பின்னும் நகராது. ‘பல் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தால் எப்படியாவது ஒன்று பொருந்தும்’ என்று சொல்வார்கள். பொருந்தும், பொய் இல்லை. ஒரு பல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு இருக்க வேண்டிய இடம் ஏறக்குறைய 3 மி.மீ. நகர்கிறது. முன்னால் 46, பின்னால் 16 என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக மாற்றிப் போனால் செயின் விறைப்பாக உட்காரும் ஒரு ஜோடி கிடைக்கலாம். எனக்கும் கிடைத்தது. மகிழ்ச்சி சில மாதங்கள் நீடித்தது. அரை அங்குலக் கண்ணிகள் 100 கொண்ட செயின் 1,270 மி.மீ. நீளம். அது அரை சதவீதம் தேய்ந்து நீண்டாலே 6 மி.மீ. கூடிவிடும். அந்தத் தொய்வை எடுக்க அச்சு 3 மி.மீ. பின்னால் போக வேண்டும், ஆனால் காடி விடாது. ஒருநாள் இறக்கத்தில் காலால் தடுத்தபோது செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சிக்கியது. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. சாலை காலியாக இருந்ததால் இதை எழுதுகிறேன்.

அச்சை மையம் விலக்கி வைத்த ஹப், பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கின் அச்சு உட்காரும் மையம் விலகிய கூடு என்று இதற்குத் தீர்வுகள் இருக்கின்றன. விலை அதிகம், நம் ஊரில் எளிதில் கிடைப்பதும் இல்லை. கையில் ஏற்கெனவே மனசுக்குப் பிடித்த செங்குத்துக் காடி ஃபிரேம் இருப்பவருக்கு அவை சரி. புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

சரியான விறைப்பு எவ்வளவு? மேல் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் அசைய வேண்டும். கிராங்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பல இடங்களில் பார்க்க வேண்டும். முன் செயின்வீல் எதுவும் முழு வட்டமாக உட்காருவதில்லை. ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்திலும் அது கட்டிப் பிடிக்கக் கூடாது.

அகலத்தை அளக்காமல் வாங்குவது

பின்பக்கக் காடிகள் இரண்டுக்கும் இடையே உள்தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்துவிட வேண்டும். டிராக் ஹப்புக்கு 120 மி.மீ. பழைய 6, 7 கியர் ரோடு ஃபிரேம்கள் 126, பின்னால் வந்தவை 130. டிஸ்க் பிரேக் ஃபிரேம்களில் 135, அதற்கும் மேல் துளை வழியாக அச்சு நுழையும் 142. கடைசியில் சொன்னது வேண்டவே வேண்டாம்.

120 ஹப்பை 126 ஃபிரேமில் வைத்து நட்டை முடுக்கினால் ஸ்டீல் வளைந்து கொடுத்துவிடும் என்று பலர் அப்படியே முடுக்கிவிடுகிறார்கள். ஸ்டீல் கொடுக்கும். ஆனால் காடிகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் சரிந்து, அச்சை வளைக்கப் பார்க்கும். அச்சில் இருபுறமும் 3 மி.மீ. வாஷர் போட்டால் வேலை முடிந்தது. 130 என்றால் இருபுறமும் 5. அச்சு அதற்குப் போதிய நீளம் உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் போதும். இருபுறமும் சமமாகப் போடுவதால் சக்கரம் நடுவிலேயே இருக்கும், செயின் ஓடும் கோடும் மாறாது. அலுமினியத்தையும் கார்பனையும் மட்டும் வளைக்கவே கூடாது. முதல் ஃபிரேம் ஸ்டீலாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். தப்புச் செய்தாலும் அது மன்னிக்கும்.

செயின் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. டிராக் ஹப்பில் பல்சக்கரம் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 42 மி.மீ. தள்ளி நிற்கும். முன் செயின்வீலும் அதே தூரத்தில் நிற்க வேண்டும். பின்பக்கக் குழாய் பருத்திருக்கும் சில ஃபிரேம்களில் 48 பல் செயின்வீல் அந்தத் தூரத்தில் வைத்தால் குழாயைத் தொட்டுவிடும். ஃபிரேமைப் பார்க்கும்போதே ஒரு செயின்வீலைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிடலாம்.

தரையையும் கால்விரலையும் மறப்பது

சாதாரண சைக்கிளில் வளைவில் சாயும்போது உட்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறோம். வேகத்தடை வந்தால் இரண்டு பெடலையும் மட்டமாக வைத்துக் கடக்கிறோம். யோசிக்காமல் செய்கிற வேலை இது. ஃபிக்ஸ்ட் கியரில் அந்த உரிமை இல்லை. பெடல் கீழே வரும் நேரத்தில் வந்தே தீரும்.

ஆகவே கிராங்க் அச்சு உட்காரும் கூடு, கடையில் பி.பி. என்று சொல்வது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இங்கே பெரிய விஷயம். ரோடு சைக்கிள்களில் வழக்கமான 700சி அளவு ரிம்மில் 25 மி.மீ. டயர் போட்டால் சக்கரத்தின் ஆரம் சுமார் 336 மி.மீ. ரோடு ஃபிரேமில் அந்தக் கூடு சக்கர அச்சுகளின் மட்டத்துக்கு 70 மி.மீ. கீழே இருக்கும், சிலவற்றில் 75. 70 என்றே வைத்துக்கொண்டால் தரையிலிருந்து 266. அதில் 170 மி.மீ. கிராங்கைக் கழித்தால் மிச்சம் 96. பெடலின் தடிமனில் பாதியையும் கழித்தால் நான்கு விரற்கடை அளவே தேறும். இது சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது. சாய்ந்தால் பெடலின் வெளிநுனி இன்னும் தாழும். நம் தெருக்களில் சிமென்ட்டைக் குவித்துக் கட்டிய வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள்.

டிராக் ஃபிரேமில் இந்தத் தாழ்வு 50 முதல் 60 மி.மீ. வரைதான். அதாவது கூடு ஒன்றிரண்டு செ.மீ. மேலே. ரோடு ஃபிரேம்தான் வேண்டும் என்றால் 165 மி.மீ. கிராங்க் போட்டு 5 மி.மீ. மீட்கலாம். அகலம் குறைந்த பெடலும் உதவும். நான் 172.5 மி.மீ. கிராங்க்கோடு கட்டிய வண்டியில் மேம்பாலத்துக்குக் கீழே யூ-டர்ன் எடுக்கும்போது பெடல் தரையில் இடித்து, பின் சக்கரம் ஒரு கணம் எழும்பிப் பக்கவாட்டில் விழுந்தது. சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து இருவர் எழுந்து வந்தார்கள். மறுவாரமே கிராங்கை மாற்றினேன்.

அதற்காக டிராக் ஃபிரேமே நல்லது என்று பாய்ந்துவிடவும் கூடாது. அதன் தலைக்குழாய் 74, 75 பாகை செங்குத்தாக நிற்கும். முன் சக்கரம் காலுக்கு மிக அருகில் வந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி டயரில் இடிக்கும். மற்ற சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பலாம், இதில் காலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஹேண்டிலும் திரும்பியிருக்கிறது. உயரம் குறைந்தவர்கள் வாங்கும் சிறிய ஃபிரேம்களில் 700சி சக்கரம் போட்டால் இந்தத் தொல்லை அதிகம், மட்கார்டு சேர்ந்தால் இன்னும் அதிகம். கட்டிய வண்டி ஒன்று கிடைத்தால் அதில் ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை முன்னுக்கு மட்டமாக வைத்து, ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

துளையில்லாத ஃபோர்க்

சைக்கிள் பந்தய ஓடுதளத்தில் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் கிடையாது. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய 250 மீட்டர் உள்ளரங்க ஓடுதளமாகட்டும், ஜப்பானின் கெய்ரின் என்ற சைக்கிள் பந்தயத் தளங்களாகட்டும், எல்லோரும் ஒரே திசையில் சுற்றுகிறார்கள். குறுக்கே ஆட்டோ வராது. அந்தத் தளங்களுக்காகச் செய்த ஃபிரேம்களில் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் பிரேக் மாட்டப் பெரும்பாலும் துளையே இருக்காது. ஜப்பானிய முத்திரை குத்திய பழைய ஸ்டீல் ஃபிரேம்களின் அழகுக்கு நானும் மயங்கியவன்தான். ஆனால் சாலையில் ஓட்ட முன் பிரேக் கட்டாயம் வேண்டும். நிறுத்தும்போது உடல் எடை முழுவதும் முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் பிடிமானம் இழந்து சறுக்குகிறது. பின் சக்கரத்தை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பிரிட்டனின் 1983-ஆம் ஆண்டு விதிகள் ஃபிக்ஸ்ட் கியரையே பின் பிரேக்காக ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் முன் பிரேக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

துளை இல்லையென்றால் டிரில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கனம் குறைந்த ஸ்டீலோ கார்பனோ, அந்த இடத்தில் துளை போடுவது ஃபோர்க்கின் கழுத்தை அறுப்பது. துளையுள்ள வேறு ஃபோர்க் வாங்குங்கள். அதையும் தலைக்குழாயின் அளவு பார்த்து வாங்குங்கள். பழையவை 1 அங்குலம், புதியவை பெரும்பாலும் 1⅛.

27 அங்குல ரிம் ஓடிய பழைய ஃபிரேமில் 700சி போடும்போது ரிம் 4 மி.மீ. உள்ளே போய்விடும். சாதாரண ரோடு பிரேக்கின் கட்டை எட்டாது. 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் நீளக்கை பிரேக் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தாத்தாவின் கருப்புச் சைக்கிள்

பரணில் கிடக்கும் பழைய கருப்புச் சைக்கிளை இறக்கி ஃபிக்ஸ்ட் கியர் ஆக்கலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். ஆசை நியாயமானது. ஒற்றை கியர், செயினை இறுக்க வழியும் உண்டு. ஆனால் அதன் 28 அங்குல ரிம் 635 மி.மீ., 700சி-யைவிட 13 மி.மீ. பெரிது. மெல்லிய ரோடு டயர் அதற்குக் கிடைக்காது, 700சி போட்டால் கம்பி பிரேக் பொருந்தாது. கிராங்க் காட்டர் பின் என்ற ஆப்பு ஆணியால் பிடித்திருப்பது. முன்னும் பின்னும் மாறி மாறி அழுத்தம் வாங்கும்போது அந்த ஆணி ஆட்டம் கொடுக்கத் தொடங்கும். அதை அதுவாகவே இருக்க விட்டு, துடைத்து எண்ணெய் விட்டுக் காய்கறி வாங்கப் போய் வரலாம்.

பழைய ஃபிரேமின் உடம்பு

பழையதில் முதலில் பார்க்க வேண்டியது தலைக்குழாயை ஒட்டிய கீழ்ப்புறம். எதிலாவது நேராக மோதிய ஃபிரேமில் அங்கே பெயின்ட் வரிவரியாக வெடித்திருக்கும், விரலால் தடவினால் மெல்லிய மேடு தட்டுப்படும். புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். அடுத்து, சீட் கம்பியைத் தளர்த்தித் திருப்பிப் பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அலுமினியக் கம்பியும் ஸ்டீல் குழாயும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். ‘கொஞ்சம் எண்ணெய் விட்டால் வந்துவிடும்’ என்று விற்பவர் சொன்னால், விட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கிராங்க் கூட்டின் மரை எந்த வகை என்பதையும் கேட்டுவிடுங்கள். கூட்டின் அகலம் 68 மி.மீ. என்றால் பெரும்பாலும் ஆங்கில மரை, உதிரிகள் எங்கும் கிடைக்கும். 70 என்றால் இத்தாலிய மரை. பழைய பிரெஞ்சு ஃபிரேம் என்றால் தேடி அலையத் தயாராக இருங்கள்.

கடைசியாக நூல். ஒரு பக்கக் காடியில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கக் காடியில் இழுத்துக் கட்ட வேண்டும். சீட் குழாயிலிருந்து இருபக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிரு மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை. போன மாதம் ஒரு ஃபிரேமைப் பார்க்கப் போயிருந்தேன். பையிலிருந்து நூல்கண்டை எடுத்ததும் விற்பவர், “என்ன சார், பட்டம் விடப் போகிறீர்களா?” என்று கேட்டார். கட்டி அளந்து காட்டினேன். ஒரு பக்கம் 31, மறுபக்கம் 40. அவர் ஸ்கேலை வாங்கித் தானே ஒருமுறை அளந்தார். பிறகு விலையைப் பாதியாகக் குறைத்தார். நூலைச் சுற்றிக்கொண்டு, டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.