சிலுவைப் போர்க் காலத்தில் ஒரு கதை எழுதுவது எப்படி? 1187 ஜெருசலேமை வைத்து ஒரு செய்முறை

சிலுவைப் போர்க் காலத்தை வைத்து எழுத ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் போர்க்களத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டு, மறுபக்கம் முஸ்லிம் சுல்தான் சலாதீன், நடுவில் குதிரைகளும் புழுதியும். இப்படித் தொடங்கும் கதை சில அத்தியாயங்களிலேயே திணற ஆரம்பித்துவிடும். அரசர்களுக்கு என்ன நடந்தது என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அந்தப் போர்களுக்கு நடுவே வாழ்ந்த சாதாரண மனிதருக்கு என்ன ஆனது என்பது யாருக்கும் தெரியாது. கதை எழுத இடம் அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்கும் வழியை ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: காலத்தைச் சுருக்குங்கள்

ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்கச் சிலுவைப் போருக்கு வாருங்கள் என்று போப் இரண்டாம் அர்பன் பிரான்சின் கிளெர்மோன்டில் அழைப்பு விடுத்தது 1095இல். சிலுவைப் படையினரின் கடைசிப் பெரிய பிடியான ஆக்கர் என்ற துறைமுக நகரம் விழுந்தது 1291இல். ஏறக்குறைய 200 வருடம். முதல் கதைக்கு இது தாங்காது. நாம் 40 நாட்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பின்னணி இதுதான். 1187 ஜூலை 4 அன்று ஹத்தின் என்ற இடத்தில், சிலுவைப் படையினர் நிறுவிய ஜெருசலேம் அரசின் படை சலாதீனிடம் அழிந்தது. கோடை வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை, எதிரி காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துவிட்டான். நகரங்களில் காவலுக்கு இருந்தவர்களையும் திரட்டிக்கொண்டு போன படை அது. செப்டம்பர் 20 அன்று சலாதீன் ஜெருசலேம் மதிலுக்கு வெளியே வந்து நின்றபோது உள்ளே அகதிகளும் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். இபெலினைச் சேர்ந்த பேலியன் என்ற பிரபு தற்காப்பை ஏற்று நடத்தினார். அக்டோபர் 2 அன்று நகரம் சரணடைந்தது. தலைக்கு இவ்வளவு என்று மீட்புப் பணம் கட்டி வெளியேற 40 நாள் அவகாசம். கட்ட முடியாதவர்கள் அடிமைகள்.

நம் கதையின் தொடக்கமும் முடிவும் இந்த அவகாசத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 2: இரண்டு பக்கமும் முழுதாகச் சேராத ஒருவரைப் பிடியுங்கள்

பிராங்கியர்கள், அதாவது மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய சிலுவைப் படையினரும் அவர்கள் வழிவந்தவர்களும், அந்த மண்ணில் 88 வருடம் இருந்துவிட்டார்கள். சிரியக் கிறிஸ்தவப் பெண்களையும் ஆர்மீனியப் பெண்களையும் மணந்து குடும்பமாகிவிட்டவர்கள் நிறைய. சரணடைந்தபின் பிராங்கியர்கள் வெளியேற வேண்டும். கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் வரி கட்டிவிட்டு ஊரிலேயே தங்கலாம்.

இந்த விதியைப் படித்ததும் எனக்குத் தோன்றிய பாத்திரம் ஒன்று உண்டு. ரொட்டி சுடும் பிராங்கியர் ஒருவரின் மனைவி. அவள் சிரியக் கிறிஸ்தவள், வீட்டில் பேசுவது அரபி. கணவன் ஹத்தினுக்குப் போனவன், திரும்பவில்லை. இறந்தானா, கைதியாகி டமாஸ்கஸ் சந்தையில் விற்கப்பட்டானா என்று தெரியாது. ஒரு மகள், ஒரு மகன். அவள் இங்கேயே தங்கிவிடலாம். ஆனால் பிராங்கியத் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

படி 3: இரு தரப்பு எழுத்தையும் படியுங்கள்

போர்களின் சுருக்கம் தேடினால் கிடைத்துவிடும். உங்களுக்குத் தேவை அந்தக் காலத்து ஆட்களின் குரல். ஜெருசலேமில் பிறந்த பேராயர் வில்லியம், பின்னாளில் ஜெருசலேம் அரசரான நான்காம் பால்ட்வினுக்குச் சிறுவயதில் ஆசிரியர். விளையாட்டில் பையன்கள் ஒருவர் கையை ஒருவர் கிள்ள, இளவரசனுக்கு மட்டும் வலிக்கவில்லை. அதிலிருந்துதான் தொழுநோய் தெரியவந்தது என்று எழுதியிருக்கிறார். ஒரே வரியில் ஒரு பாத்திரம் எழுந்து நிற்கிறது, பாருங்கள்.

மறுபக்கம், 1184இல் ஆக்கர் வழியாகப் பயணம் செய்த முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், சுங்கச் சாவடியில் அரபியில் எழுதியும் பேசியும் வேலை பார்த்த கிறிஸ்தவக் கணக்கர்களைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். ஒரு பக்கம் போர் நடக்க, மறுபக்கம் வணிகர் கூட்டம் எல்லை தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது என்கிறார். சிரியாவின் ஷைசரைச் சேர்ந்த முஸ்லிம் பிரபு உஸாமாவுக்கு டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களிடையே நண்பர்கள் உண்டு. புதிதாக வந்த பிராங்கியன் ஒருவன் அவரைத் தொழவிடாமல், கிறிஸ்தவர்கள் தொழும் கிழக்குப் பக்கம் திருப்ப, அந்த நண்பர்களே அவனை இழுத்துப்போய்விட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். இதெல்லாம் படித்தபின், ஊருக்குப் பழகியவனும் கப்பலில் நேற்று வந்து இறங்கியவனும் ஒரே மாதிரி பேச மாட்டார்கள் என்பது தானாகப் புரியும்.

படி 4: பணக் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப்போகாதீர்கள். கதையை நகர்த்துவது இதுதான்.

மீட்புப் பணம் ஆணுக்கு 10 தினார் (தங்க நாணயம்), பெண்ணுக்கு 5. குழந்தைக்குச் சில நூல்களில் 1, சிலவற்றில் 2. மூலங்கள் முரண்படும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். நாம் 2 என்று வைப்போம். அவளும் பிள்ளைகளும் வெளியேறுவதானால் 5, 2, 2. மொத்தம் 9 தினார். மகனுக்கு வயது பதினான்கு, மீசை அரும்புகிறது. அவனைச் சிறுவன் என்று மீட்புப் பணம் வாங்கும் கணக்கர் எழுதினால் 9, ஆண் என்று எழுதினால் 17. அவள் கையில் 11 தினார்தான் இருக்கிறது என்று வையுங்கள். கதைக்கு வேறு வில்லன் வேண்டாம்.

மீதி 6 தினாருக்கு எங்கே போவாள்? ஊரே வீட்டுச் சாமானை விற்கிறது, எல்லாம் அடிமாட்டு விலை. பொதுப் பணத்தில் 30,000 தினார் கொடுத்து ஏறக்குறைய 7,000 ஏழைகளை மீட்டார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏற யாரிடம் கெஞ்ச வேண்டும்? காவலர்களுக்குக் கைக்கூலி கொடுத்தவர்களும், கயிறு கட்டி மதிலிலிருந்து இறக்கப்பட்டவர்களும், முஸ்லிம் வீரர் உடையில் நழுவியவர்களும் இருந்ததாக வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதுகிறார். சலாதீனின் தளபதிகளான சில அமீர்கள், இந்த ஆர்மீனியர்கள் என் ஊர்க்காரர்கள் என்று சொல்லி நூற்றுக்கணக்கானவர்களை மீட்டார்கள். சலாதீனின் தம்பி அல்-ஆதில் 1,000 பேரைக் கேட்டு வாங்கி விடுதலை செய்தார். அதே சமயம் தலைமைப் பேராயர் ஹெராக்ளியஸ் தன் 10 தினாரைக் கட்டிவிட்டுத் திருச்சபைச் செல்வத்தோடு வெளியேறினார். கடைசியில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் போனார்கள். இதில் ஒவ்வொன்றும் ஒரு அத்தியாயத்துக்கான விதை.

படி 5: அன்றாடத்தைச் சரிபாருங்கள்

சமையலறையில்தான் தவறு அதிகம் நுழையும். தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் எதுவும் அன்று அங்கே இல்லை. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்பாடு வந்தவை. காப்பியும் கிடையாது. ரொட்டி, ஆலிவ் எண்ணெய், பருப்பு, அத்தி, திராட்சை, வெங்காயம் உண்டு. டயர், ஆக்கர் பக்கம் கரும்பு விளைந்தது. மிளகு நம் மலபார்க் கரையிலிருந்து செங்கடல், எகிப்து வழியாகப் போனது, விலையும் அதிகம். ஜெருசலேமில் குடிதண்ணீர் பெரும்பாலும் தொட்டிகளில் சேமித்த மழைநீர். அக்டோபரில் ஆலிவ் பறிப்பு தொடங்கும், மழை இன்னும் சரியாக ஆரம்பித்திருக்காது. அப்படியென்றால் தொட்டிகளின் அடிமட்டத்தில்தான் தண்ணீர். முற்றுகைக்குப் பிறகு இது இன்னும் இறுகும்.

வீரர்களுக்கு வளையக் கவசம் போடுங்கள். உடல் முழுக்க மூடும் தகட்டுக் கவசம் இரண்டு நூற்றாண்டு தள்ளி வந்தது. பீரங்கியும் வேண்டாம், கல்லெறி பொறிகள் போதும்.

படி 6: வசனம்

சோழர் காலக் கதைகளில் பழகிய செந்தமிழை இங்கே கொண்டுவந்தால் எல்லோரும் ஒரே அரண்மனையில் வளர்ந்தவர்கள்போல் ஒலிப்பார்கள். இவளோ அடுப்படிக்காரி. அரபியில் பேசும்போது வீட்டுத் தமிழின் இயல்பு இருக்கட்டும். பிராங்கிய மொழியில் பேசும்போது வாக்கியம் குட்டையாகவும் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கட்டும். எந்த மொழி என்று ஒவ்வொரு தடவையும் சொல்லவேண்டியதில்லை.

படி 7: முதல் காட்சி

வாசகரை நேராக, மீட்புப் பணம் வாங்கும் நகர வாசலில் கொண்டுபோய் நிறுத்துங்கள். இப்படி:

கணக்கர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எத்தனை பேர்?”

“மூன்று பேர் ஐயா. நான், மகள், இவன்.”

“இவனுக்கு வயது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பையன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். காலையிலிருந்து தோளைக் குறுக்கிக்கொள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் என்ன ஆபத்து என்பது தெரிந்துவிடுகிறது. பின்னணியை அடுத்த பக்கங்களில் துளித்துளியாகக் கொடுக்கலாம்.

படி 8: நியாயம்

1099 ஜூலை 15 அன்று சிலுவைப் படை இதே நகரில் முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தது. 1187இல் சலாதீன் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அதே சலாதீன் ஹத்தினில் பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் என்ற இரு துறவி வீரர் அமைப்பினரைக் கொல்ல உத்தரவிட்டவர். சரணடைய அனுமதிக்காவிட்டால் அல்-அக்ஸா மசூதியை இடிப்பேன், முஸ்லிம் கைதிகளைக் கொல்வேன் என்று பேலியன் மிரட்டியபிறகுதான் உடன்பாடு வந்தது. வெளியேறிய அகதிகளைத் திரிப்போலி பக்கம் கொள்ளையடித்தவர்கள் கிறிஸ்தவப் பிரபுக்களின் ஆட்கள். அலெக்ஸாண்ட்ரியாவில் பணமில்லாத அகதிகளைக் கப்பலில் ஏற்ற மறுத்த இத்தாலிய மாலுமிகளை எகிப்திய அதிகாரிகள்தான் கட்டாயப்படுத்தினார்கள். உங்கள் கதையை மூன்று மதத்தாரும் படிப்பார்கள். ஒரு தரப்பை வெள்ளையடிக்க எதையாவது மறைத்தால், அந்த இடத்தில் பாத்திரங்களும் பொய்யாகிவிடும்.

கதை முடிந்ததும் ஒரு பக்கப் பின்னுரை சேருங்கள். பேலியன், அல்-ஆதில், தினார் கணக்கு எல்லாம் வரலாறு, ரொட்டிக்காரரின் மனைவியும் பிள்ளைகளும் கற்பனை என்று தெளிவாக எழுதுங்கள். குழந்தைக்கு 2 தினார் என்று ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.